ஒரு விரல் இடைவெளி

வீட்டில் இருந்தவர்கள்: ரௌனி, வயது அறுபத்து நான்கு. அவளுடைய அண்ணன் தாய்ஸ்தோ, எழுபது. அவனுடைய கிழட்டு நாய் ஹல்லி. வேறு யாரும் இல்லை. அம்மா செத்த பிறகு மூன்று குளிர்காலமாக அங்கே யாரும் குடியிருக்கவில்லை. குழாய்களில் இருந்த தண்ணீரை வடித்து, மின்சாரத்தைத் துண்டித்து, வீட்டை அப்படியே போட்டுவைத்திருந்தார்கள்.

ஆகவே முன்னறையில் கணப்புக்கு எதிரே இருந்த தரை சூடாக இருந்திருக்கக் கூடாது.

வெளியே ஏரி உறைந்து கிடந்தது. வீட்டுக்குள்ளும் மூச்சு வெள்ளையாகத்தான் வந்தது. ஆனாலும் ரௌனி பழக்க தோஷத்தில் பூட்ஸை நடையில் கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடு உள்ளே நடந்தாள். பலகைத் தரையின் குளிர் இரும்புபோலக் குதிகாலில் ஏறியது. நடையில், சமையலறையில், படுக்கையறை வாசலில், எங்கும் அதே குளிர். முன்னறையில் கணப்பைத் தாண்டும்போது மட்டும் இடது கால் வெதுவெதுப்பான ஒன்றின் மேல் பட்டது. யாரோ அப்போதுதான் எழுந்துபோன படுக்கையைத் தொட்டதுபோல இருந்தது.

மண்டியிட்டுக் கையுறையைக் கழற்றி உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வெப்பம் கணப்பின் வாயிலிருந்து ஜன்னல் பக்கமாக நீண்டிருந்தது. அதிகம் இல்லை. அதற்கு ஒரு விளிம்பு இருந்தது. விளிம்புக்கு இந்தப் பக்கம் சூடு, அந்தப் பக்கம் உறைகுளிர். நான்கு வயதுப் பிள்ளை மல்லாந்து படுத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு. வேறு எதையாவது நினைப்பதற்குள் மனம் அந்த அளவைச் சொல்லிவிட்டது.

கணப்பைத் தொட்டாள். பனிக்கட்டி. உள்ளே சாம்பல்கூட இல்லை, சுத்தமாகப் பெருக்கியிருந்தது.

"என்ன தேடுற தரையில? தெற்குல குடிபோய் நிமிந்து நடக்கவே மறந்துட்டியா?" தாய்ஸ்தோ ஒரு கூடை பிர்ச் மர விறகோடு வந்து நின்றான்.

"இந்த இடம் சூடா இருக்கு."

"வெயில் பட்டிருக்கும்."

அந்த வடகோடிக் குளிர்காலத்தில் சூரியன் இரண்டு மாதமாக மரங்களுக்கு மேலே தலைகாட்டவில்லை. மணி இரண்டரைதான், அதற்குள் ஜன்னல் கறுத்துக்கொண்டு வந்தது. அவன் கேலி செய்கிறானா இல்லையா என்பது அவன் முகத்தைப் பார்த்தால் என்றைக்குமே தெரியாது.

"நாளைக்கு மத்தியானம் அந்த ஜோடி வருது," என்றான் விறகைக் கொட்டியபடி. "வீடு சூடா இருந்தாத்தான் பேச்சே. ஜில்லுனு இருக்குற வீட்டை எவன் வாங்குவான்? பொணத்தை விலை பேசுற மாதிரி இருக்கும்."

"அவங்களுக்குக் குழந்தை இருக்காமே?"

"ரெண்டு. ஏன், உனக்கென்ன கவலை?"

ஹல்லி நகங்கள் தரையில் டக்டக்கென்று ஒலிக்க உள்ளே வந்தது. மோந்து பார்க்கவில்லை, தயங்கவில்லை. அன்றாடம் வந்துபோகும் இடம்போல நேரே அந்தச் சூட்டுக்குப் போய்ப் படுத்தது. நடுவில் படுக்கவில்லை. ஓரத்தில், யாருக்கோ இடம் விட்டு ஒட்டிப் படுத்தது. தாடையைக் கீழே வைத்தது. தாடை தரையைத் தொடவில்லை. தரைக்குக் கொஞ்சம் மேலேயே நின்றது, எதன்மேலோ சாய்த்துவைத்ததுபோல.

கழுத்துச் சதைதான், என்று ரௌனி தனக்குச் சொல்லிக்கொண்டாள். கிழட்டு நாய், கழுத்து தடித்துவிட்டது.

போர் முடிந்து திரும்பியவர்களுக்கு அரசாங்கம் துண்டு நிலம் கொடுத்தபோது அப்பா தன் கையாலேயே கட்டிய வீடு. ஊரில் எல்லா வீடும் இதே அச்சுத்தான். நடுவில் ஒரே புகைபோக்கி, அதைச் சுற்றி முன்னறை, சமையலறை, படுக்கையறை, பின்னறை. எல்லா அறைக்கும் இரண்டு கதவு. குழந்தைகள் ஒரு கதவில் நுழைந்து மறு கதவில் வெளியேறி, கணப்பைச் சுற்றி வட்டமாக ஓடிக்கொண்டே இருக்கலாம். ரௌனியும் தம்பி உந்தோவும் அப்படித்தான் ஓடுவார்கள். சமையலறைப் பலகை கனைக்கும், படுக்கையறைப் பலகை மூச்சுவிடும், பின்னறையில் ஒன்று நாற்காலி இழுத்ததுபோலக் கத்தும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே ஓடுகிறவன் எந்த அறையில் இருக்கிறான் என்று சொல்லிவிடலாம்.

பலகைக்கு அடியில் முழுக்க மரத்தூள். குளிர் ஏறாமல் இருக்க மூட்டை மூட்டையாகக் கொட்டியிருந்தார்கள். குப்புறப் படுத்துக் காதை வைத்தால் அது இறங்கும் ஒலி கேட்கும், மெதுவாக, யாரோ போர்வைக்குள் புரள்வதுபோல. வருடாவருடம் கோடையில் அப்பா தரைக்குச் சாம்பல் நிறச் சாயம் பூசுவார். காயும்வரை எல்லோரும் விறகுக் கொட்டகையில் படுப்பார்கள். ஒரு வருடம் உந்தோ காயாத சாயத்தின்மேல் நடந்துவிட்டான். அப்பா திட்டிக்கொண்டே மேலே இன்னொரு பூச்சு பூசினார். ஆனாலும் கணப்பு எரியும்போது சாய்வாக விழும் வெளிச்சத்தில் அந்தச் சின்னக் குழிகள் தெரியும். அம்மா அந்த இடத்தில் விரிப்புப் போடமாட்டாள்.

உந்தோ செத்த பிறகு போட்டாள்.

தாய்ஸ்தோ பட்டையைக் கிழித்துத் தீ வைத்தான். புகை முதலில் அறைக்குள் திரும்பியது. ரௌனிக்குக் கண் எரிந்தது. பிறகு புகைபோக்கி இழுத்துக்கொண்டது, விறகு வெடிக்கத் தொடங்கியது. உறைந்த சுவர்கள் விடுபட்டு அங்கங்கே முனகின. பிசின் வாசனை, சூடேறும் செங்கல் வாசனை, அதற்கடியில் பழைய மரத்தூளின் புளித்த ஈர வாசனை. பெட்ரோமாக்ஸ் விளக்கு மேசைமேல் சீறிக்கொண்டிருந்தது. ரௌனி கணப்பிடமிருந்து முடிந்த அளவு தள்ளி உட்கார்ந்தாள். கல்யாணமானதிலிருந்து அவள் கணப்பு உள்ள வீட்டில் குடியிருந்ததில்லை. கணவன் கேட்டபோது தூசி ஒத்துக்கொள்ளாது என்றாள்.

கணப்பு மூட்டுவது பெரிய வித்தை இல்லை, மூடுவதுதான் வித்தை. புகைபோக்கியில் கைக்கெட்டும் உயரத்தில் ஓர் இரும்புத் தகடு இருக்கிறது. இழுத்தால் திறக்கும், தள்ளினால் மூடும். நேரங்கழித்து மூடினால் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடும். சீக்கிரம் மூடினால் நிறமும் வாசனையும் இல்லாத நச்சுக்காற்று வீட்டுக்குள் தங்கிவிடும். தணலில் நீலச் சுவாலை ஆடிக்கொண்டிருக்கும்வரை தொடக் கூடாது. நீலம் போன பிறகும் சந்தேகம் இருந்தால் ஒரு விரல் இடைவெளி விட்டுவிட்டுப் படுக்க வேண்டும். இது அங்கே பிள்ளைகளுக்கு எழுத்துக்கு முன்னாலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம். யாராவது ஒருவர் விழித்திருந்து பார்க்க வேண்டும். அவர்கள் வீட்டில் அது தாய்ஸ்தோவின் வேலை. அப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது.

அன்று அப்பாவுக்குக் காகித ஆலையில் இரவு வேலை. அம்மா படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினாள். நான்கு வயது உந்தோவுக்கு இருமல், அதனால் அவன் படுக்கையை முன்னறையில், கணப்புக்கு எதிரே தரையில் போட்டிருந்தார்கள். தாய்ஸ்தோ தணலைப் பார்த்து, ஒரு விரல் இடைவெளி விட்டு, ரௌனி படுத்திருந்த மாடிக்கு வந்து படுத்தான். பிறகு ரௌனிக்குத் தாகம் எடுத்தது. ஏழு வயது. இருட்டில் இறங்கி வந்தாள். தகடு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கையை வைத்துப் பார்த்தாள், சூடான காற்று விசில் அடித்தபடி மேலே போய்க்கொண்டிருந்தது. "காக்காய்க்கா கணப்பு மூட்டுறோம்?" என்று அம்மா தினமும் கத்துவாள். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, தகட்டை முழுக்க உள்ளே தள்ளினாள். இரும்பு கரகரவென்று உரசியது. உந்தோ அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு அவள் மேலே போய்த் தூங்கினாள்.

அம்மா பிழைத்துக்கொண்டாள்.

காலையில் அப்பா தகட்டின் பிடியைப் பற்றியபடி நின்று, யார் கடைசியாகத் தொட்டது என்று கேட்டார். "நான்தான். ஆனா ஒரு விரல் திறந்து வச்சேன்," என்றான் தாய்ஸ்தோ. திரும்பத் திரும்ப அதையே சொன்னான். விரலை நீட்டிக் காட்டினான். ரௌனி காலுறையோடு வாசலில் நின்றாள். அவளை யாரும் கேட்கவில்லை. அப்பா அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும். அதற்குப் பிறகு தாய்ஸ்தோவைக் கணப்பின் பக்கம் வரவிடவில்லை, அவ்வளவுதான். மேசையின் குளிர்ந்த ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். பதினாறு வயதில் ஸ்வீடனுக்குப் போய்த் தொழிற்சாலையில் சேர்ந்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் ஊர் திரும்பினான். ரௌனியின் பிள்ளைகளை ஒரு முறைகூடத் தூக்கியதில்லை.

ஏழு வயதுக் குழந்தைக்கு என்ன தெரியும் என்று அவள் பிற்பாடு தனக்குச் சொல்லிக்கொள்வாள். அது சரிதான். ஆனால் அவளுக்குப் பத்து வயதும் ஆனது, இருபதும் ஆனது, ஐம்பதும் ஆனது. மருத்துவமனையில் அம்மா கடைசியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தாய்ஸ்தோவை நான் மன்னிச்சுட்டேன்னு சொல்லிடு," என்றாள். அதையும் அவள் போனில் அப்படியே சொன்னாள்.

பிளாஸ்க்கிலிருந்து காப்பியை ஊற்றிக் கொடுத்தான் தாய்ஸ்தோ. வெளியே முழு இருட்டு. கணப்பின் கதவு வழியாக வந்த சிவப்பு வெளிச்சம் தரையில் படுத்திருந்தது. விரிப்பு அங்கே இல்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். யாரோ சுருட்டிச் சுவரோரம் சாத்தியிருந்தார்கள்.

"ரௌனி."

"ம்."

"நான் ஒரு விரல் திறந்துதான் வச்சேன்."

"தெரியும்."

நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. தாய்ஸ்தோ கோப்பையைக் கீழே வைத்தான். "தெரியுமா? எப்படித் தெரியும்?"

"நீதான் சொல்லிக்கிட்டே இருப்பியே."

"அம்பது வருஷமா நான் அதைச் சொன்னதே இல்ல. யார் நம்பப் போறான்னு விட்டுட்டேன்."

"எதுக்கு இப்போ அதெல்லாம்? பழசைக் கிளறி என்ன ஆகப்போகுது? தானா நழுவியிருக்கும்."

"அந்தத் தகட்டை நீயே ஒரு தடவை இழுத்துப் பாரேன். ரெண்டு கையும் வேணும். தானா நழுவுதாம்." காதுக்கருவியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினான். "உன்னை ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். நீ கீழ வந்தியா அன்னிக்கு?"

சொல்லிவிடலாம். அறையில் வேறு யாரும் இல்லை. அப்பா இல்லை, அம்மா இல்லை. எழுபது வயது மனிதனுக்கு மிச்சமிருப்பதையாவது திருப்பிக் கொடுத்துவிடலாம். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அப்போது உள்ளங்காலில் சூடு ஏறியது. அவள் உட்கார்ந்திருந்த இடம் கணப்பிலிருந்து நான்கு எட்டு தள்ளி.

"இல்ல," என்றாள். "நான் தூங்கிட்டு இருந்தேன்."

அவன் தலையாட்டினான். எழுந்தான். "காரைக் கிளப்பிச் சூடாக்கி வைக்கிறேன். ஹல்லி, வாடா."

கதவு சாத்தும் ஒலி. பனியில் நொறுங்கும் காலடிகள். தள்ளித் தள்ளிப் போயின.

ரௌனி காலைத் தூக்கி நாற்காலிக் குறுக்குச்சட்டத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு துணிச்சல் வந்து, இறங்கிப் போய்க் கணப்புக்கு எதிரே மண்டியிட்டுத் தரையைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது. அவ்வளவு பெரிய தீக்கு எதிரே, பலகை கல்லாகக் குளிர்ந்திருந்தது. படுத்திருந்தது எழுந்துவிட்டது.

சமையலறைப் பலகை கனைத்தது.

வீடு சூடேறினால் மரம் பேசும். இது அவளுக்குத் தெரியும். மரம் விரியும், ஆணி முனகும். எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

படுக்கையறைப் பலகை மூச்சுவிட்டது.

அவள் மூச்சுவிடவில்லை.

பின்னறையில் நாற்காலி இழுத்ததுபோல ஒரு கத்தல். பிறகு அவளுக்குப் பின்னால், முன்னறை வாசலில், லேசான தடதடப்பு. வெறுங்கால். அவளைத் தாண்டிப் போனது. கெண்டைக்காலில் வெந்நீர் ஆவிபோல ஏதோ பட்டது. மறுபடி சமையலறை. மறுபடி படுக்கையறை. வேகம் கூடவில்லை, குறையவில்லை. சுற்றி வந்துகொண்டிருந்தது. ஜன்னலின் உள்பக்கம் படிந்திருந்த உறைபனியில், அவள் இடுப்பு உயரத்துக்கும் கீழே, ஒரு வட்டம் உருகியது. கண்ணாடியில் முகத்தை ஒட்டி வெளியே பார்க்கும் குழந்தையின் மூச்சு உருக்கும் வட்டம். அது சிறிதாகியது. பெரிதாகியது. சிறிதாகியது.

தலைக்குள் ரீங்காரம். புகைதான், என்று நினைத்தாள். காற்றோட்டம் இல்லை. எழுந்து வெளியே போக வேண்டும். எழுந்தாள்.

தகடு உரசியது.

கரகரவென்று உள்ளே போனது. நின்றது. கரகரவென்று வெளியே வந்தது. மறுபடி உள்ளே. மறுபடி வெளியே. இப்படியா? இப்படியா மூடினாங்க? என்று பழகிப் பார்ப்பதுபோல.

வாசற்கதவு திறந்தது. தரையோடு தரையாக வெள்ளைக் குளிர் உருண்டு வந்தது. தாய்ஸ்தோ நடையில் நின்றான். பூட்ஸைக் கழற்றவில்லை. நாய் வெளியே படியிலேயே இருந்தது.

"தாய்ஸ்தோ, இங்க ஏதோ…"

"தெரியும். மூணு வருஷமா நான் இங்கதான வந்து படுக்கிறேன். கணப்பு மூட்டாமதான். தேவையே இல்ல." அவன் குரலில் பயம் இல்லை, சலிப்புக்கூட இல்லை. "ராத்திரி பூரா அவன் கேக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். யார் மூடினாங்கன்னு. எனக்குத் தெரியாதுடா கண்ணுன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு."

"என்னை வெளிய கூட்டிட்டுப் போ."

"யாரு உன்னைப் பிடிச்சு வச்சிருக்கா? என்கிட்ட சொல்ல வேணாம். எனக்கு இனி எதுக்கு அது? அவன்கிட்ட சொல்லு. ஒரு வார்த்தை. சொல்லிட்டு வா, கார் சூடா இருக்கு. கதவைத் திறந்தே வச்சிருக்கேன்."

காலடிகள் படுக்கையறையைத் தாண்டின. பின்னறையைத் தாண்டின.

முன்னறை வாசல். பக்கத்தில். எதிரே.

நின்றுவிட்டன.

அவள் காலுக்கு முன்னால் பலகை தாழ்ந்தது. கொஞ்சம்தான். நான்கு வயதின் எடை. சூடு காலுறையைத் தாண்டி, முழங்காலைத் தாண்டி, நின்று, காத்திருந்தது. கணப்புக்குள் தணல். தணலின்மேல் நீலம், நெளிந்து நெளிந்து. தகடு வெளியே இருந்தது. அதுவும் காத்திருந்தது.

யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் கேள்வி அவளுக்குக் கேட்டது.

நான். இரண்டே எழுத்து. வாயைத் திறந்தாள். வெள்ளை மூச்சு மட்டும் வந்தது.

கை எழுந்தது. அவள் அதை வேறு யாருடைய கையோபோலப் பார்த்தாள். மடங்கியிருந்த ஆள்காட்டி விரல் மெதுவாக நீண்டது. நடையைப் பார்த்து நீண்டது. வாசலில் நிற்கும் அண்ணனைச் சுட்டியது.

தாய்ஸ்தோ அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்படவில்லை. யாரோ ஒரு கணக்குக்கு விடை சொல்லிவிட்டதுபோல மெல்லத் தலையாட்டினான். அப்பாவுக்கு இருந்த அதே தாடை.

"வீடு பாக்க வர்றவங்க நாளைக்கு மத்தியானம்தான் வருவாங்க," என்றான்.

படிக்குப் பின்வாங்கினான்.

ரௌனி ஓட நினைத்தாள். விரல் வரவில்லை. நீட்டிய விரலைச் சூடான, சின்னஞ்சிறு கை ஒன்று முழுசாகப் பற்றியிருந்தது. கூட்டிக்கொண்டு போகச் சொல்லும் குழந்தை பற்றுவதுபோல. படுக்கைக்கு.

அவள் தலைக்கு மேலே இரும்பு கரகரவென்று உள்ளே போனது. முழுக்க. திரும்பி வரவில்லை.

கதவு மூடியது. வெளியிலிருந்து பூட்டினான்.